இலவங்க மரமும் அதன் ஔஷதப் பிரயோஜனங்களும்

மளிகைக் கடைக்குச் சென்று "பட்டை" என்று கேட்டால் கிடைக்கும் சரக்கு ஒன்றன்று, இரண்டு என்பதைக் கிராமவாசிகளில் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஒன்று காகிதம் போல் மெல்லியதாய், பல சுற்றுக்கள் ஒன்றினுள் ஒன்று அடங்க, சுருட்டைப் போலச் சுருண்டிருப்பது. மற்றொன்று தடித்துச் சிவந்து, மரச் சிராயைப் போலக் கடினமாயிருப்பது. முன்னதைச் சுருள் பட்டை என்று கடைக்காரர் சொல்வதுண்டு. விலை மலிவைக் கருதி ஜனங்கள் பெரும்பாலும் வாங்குவது பின்னதையே. குழம்பிலோ பிரியாணியிலோ எப்பொழுதாவது ஒரு துண்டு போடுமளவில் இவ்விரண்டிற்கும் உள்ள பேதம் ருசியை மட்டும் பொறுத்தது. ஆனால் சர்க்கரை வியாதிக்கென்றும், உடல் இளைப்பதற்கென்றும் தினந்தோறும் பட்டைப் பொடியை வெந்நீரில் கலந்து குடிக்கும் வழக்கம் சமீப வருஷங்களில் கிராமங்களிலும் பரவியிருப்பதால், இப்பேதம் கல்லீரலைப் பொறுத்த விஷயமாகிவிட்டது. ஆகவே இம்மரத்தின் வரலாற்றையும், பயிர் செய்யும் முறையையும், வைத்தியத்தில் அது பயன்படும் விதத்தையும், அப்பயனின் எல்லையையும் சங்க அங்கத்தினர்கள் ஒருமுறை தெரிந்துகொள்வது நலம்.

பெயரும் மரமும்

பெயரிலேயே குழப்பம் தொடங்குகிறது. இலவங்கம் என்று தனியே சொன்னால் தமிழ்நாட்டில் பலர் கிராம்பையே எண்ணுவர். கிராம்போ வேறொரு மரத்தின் மலர்ந்திராத மொட்டு. இலவங்கப்பட்டையோடு அதற்கு உறவில்லை. இலங்கைத் தமிழர் இம்மரத்தைக் கறுவா என்றும், சிங்களர் குருந்து என்றும் வழங்குகின்றனர். கொழும்பு நகரில் செல்வர் வாழும் பகுதிக்கு இன்றும் கறுவாத்தோட்டம் என்ற பெயர் நிலைத்திருக்கிறது. வட இந்தியாவில் வழங்கும் தால்சினி என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. சீன தேசத்து மரம் என்பது அதன் பொருள். உயர்ந்த பட்டை இலங்கையிலிருந்து வர, பெயர் மட்டும் சீனாவிலிருந்து வந்தது வேடிக்கையே.

வெட்டாமல் விட்டால் இம்மரம் 10 முதல் 15 மீட்டர் வரை வளரும். இலைகள் தடித்துப் பளபளப்பாயிருக்கும். அடியிலிருந்து மூன்று நரம்புகள் தெளிவாக ஓடுவதைக் கொண்டு இனத்தை எளிதில் கண்டுகொள்ளலாம். துளிர்கள் பச்சையாக வராமல் செந்நிறமாக வந்து பிறகு பச்சையாக மாறும். பட்டை உரிப்பதற்குரிய பருவத்தை அறிய இந்நிற மாற்றமே அடையாளமாகிறது. பூக்கள் சிறியவை, மரத்தின் மற்ற உறுப்புக்கள் யாவும் மணக்க, பூ மட்டும் விரும்பத்தக்க வாசனை உடையதன்று. கருநீல நிறமுள்ள சிறு பழத்தைப் பறவைகள் ஆவலுடன் தின்று விதையைப் பரப்புகின்றன.

ஒரே மரத்தில் மூன்று வித எண்ணெய்கள் அடங்கியிருப்பது ஆச்சரியமானது. பட்டையின் எண்ணெயில் முக்கிய பொருள் சின்னமால்டிஹைடு. பட்டைக்குரிய காரமும் மணமும் அதனாலேயே உண்டாகின்றன. இலையின் எண்ணெயில் மிகுந்திருப்பது யூஜினால். கிராம்புத் தைலத்திலும் அதுவே பிரதானமாதலால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வாசனையாயிருக்கும். வேர்ப்பட்டையிலோ கர்ப்பூரமே மிகுதி.

இலங்கையின் வரலாறு

இம்மரத்தின் தாயகம் இலங்கையும், அதையடுத்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பிரதேசமுமாகும். போர்த்துகேசியர் 1505-ம் வருஷம் இலங்கைக்கு வந்தபின், கோட்டை இராச்சியத்து அரசர்கள் அவர்களுக்குக் கப்பமாகச் செலுத்திய பொருள்களுள் இலவங்கப்பட்டை முக்கியமானது. பின்னர் டச்சுக்காரர் 1656-ல் கொழும்பைக் கைப்பற்றி, 1658-க்குள் போர்த்துகேசியரைத் தீவிலிருந்தே அகற்றினர். அவர்கள் காலத்தில் பட்டை வியாபாரம் முழுவதும் கம்பெனியின் ஏகபோகமாயிருந்தது. அனுமதியின்றிப் பட்டை உரிப்பதும் விற்பதும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாக வைக்கப்பட்டிருந்தன. தன் கொல்லையில் தானே முளைத்த மரத்தையும் குடியானவன் தொடக்கூடாது என்றிருந்த நிலையை இக்காலத்தவர் நம்புவதே அரிது. அதுவரையில் காட்டு மரங்களிலிருந்தே பட்டை உரிக்கப்பட்டு வந்தது. 18-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் கவர்னர் பால்க் காலத்தில்தான் கொழும்பு மருதானைப் பக்கத்தில் தோட்டப் பயிராக வைக்கத் தொடங்கினர்.

பட்டை உரிக்கும் வேலை சலாகம என்னும் ஜாதியாரிடம் இருந்தது. அவர்களுடைய முன்னோர் தென்னிந்தியக் கரையிலிருந்து சென்ற நெசவாளர் என்று பரம்பரைச் செய்தி கூறுகிறது. நெய்ய வந்தவர் பட்டை உரிப்போராகியதற்குக் காரணம் அக்கால அரசுகள் அவர்கள் மீது சுமத்திய கட்டாய ஊழியமே. 1796-ல் பிரிட்டிஷார் இலங்கைக் கரையோரத்தைப் பிடித்தபின்பும் ஏகபோகம் சில காலம் தொடர்ந்து, 1833-ல் ஒழிந்தது. இன்றும் உலகத்திற்கு வேண்டிய மெய்யான இலவங்கப்பட்டையில் மிகப் பெரும் பகுதியை அத்தீவே அனுப்புகிறது. இலங்கைப் பட்டை என்னும் பெயருக்கு 2022-ம் வருஷத்தில் ஐரோப்பிய யூனியன் புவிசார் பாதுகாப்பு அளித்தது.

இந்தியாவிலும் இப்பயிருக்குப் பழமை உண்டு. முன்னாள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலையாளக் கரையில், கண்ணனூருக்கு அருகிலுள்ள அஞ்சரக்கண்டியில், கிழக்கிந்தியக் கம்பெனியார் 18-ம் நூற்றாண்டின் முடிவில் வாசனைப் பயிர்த் தோட்டம் ஒன்று அமைத்தனர். அங்கு இலவங்கம் பெரிய அளவில் பயிரிடப்பட்டது. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி ஜில்லாவின் மலைச் சரிவுகளிலும், நீலகிரியின் கீழ்ச் சரிவுகளிலும் இம்மரம் செழிக்கிறது. ஏற்காட்டிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காடு 1 என்னும் ரகத்தை வெளியிட்டிருக்கிறது.

பயிர் முறை

வருஷத்திற்குச் சுமார் 2000 முதல் 2500 மில்லிமீட்டர் வரை மழையும், ஈரக் காற்றும், நீர் தேங்காத மண்ணும் உள்ள இடங்களே இதற்கு ஏற்றவை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரம் வரை வளரும். தஞ்சையின் வயற்புறத்திலோ இராமநாதபுரத்தின் வறண்ட செய்களிலோ இதைப் பயிராக வைக்க முயல்வது பணத்தை வீணாக்குவதாகும். அங்குள்ளவர்கள் கொல்லையில் ஒரு மரம் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவே.

விதை விஷயத்தில் தாமதம் உதவாது. பழம் பழுத்தவுடன் எடுத்து, சதையை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே விதைக்க வேண்டும். சில வாரங்கள் வைத்திருந்தால் முளைக்கும் சக்தி போய்விடும். கடிதம் எழுதித் தூர தேசத்திலிருந்து விதை தருவித்து ஏமாந்தவர் பலர். விதைத்து இரண்டு மூன்று வாரங்களில் முளை காணும். நாற்றங்காலில் நிழலிட்டு வளர்த்து, மழைக் காலத்தின் தொடக்கத்தில் 2 மீட்டருக்கு ஒரு கன்றாக நடலாம். இளந்தளிரைத் தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களையும், இலைப்புள்ளி நோயையும் ஆரம்பத்திலேயே கவனிக்க வேண்டும்.

மூன்று நான்கு வருஷமானதும் அடிமரத்தைத் தரைக்குச் சுமார் ஒரு சாண் உயரத்தில் வெட்டிவிட, பக்கங்களிலிருந்து பல கிளைகள் நேராகக் கிளம்பும். அவற்றுள் நான்கைந்தை மட்டும் விட்டு மற்றவற்றைக் களைந்து, வளைவின்றி வளர்க்க வேண்டும். மரத்தை மரமாக வளரவிடாமல் புதராக வைத்திருப்பதே இப்பயிரின் இரகசியம். கட்டைவிரல் பருமனுள்ள, ஒன்றரை இரண்டு வருஷத்துக் கிளையிலிருந்துதான் மெல்லிய உயர்ந்த பட்டை கிடைக்கும்; முதிர்ந்த மரத்துப் பட்டை முரடாயிருக்கும்.

பட்டை உரிக்கும் தொழில்

மழைக்குப்பின் செந்துளிர் பச்சையாக மாறும் சமயத்தில் மரத்தில் ரசம் நன்கு ஓடும். அப்பொழுது சோதனையாக ஒரு கிளையில் கத்தியால் கீறிப் பார்த்து, பட்டை ஒட்டாமல் கழன்றால் வெட்டத் தொடங்கலாம். வெட்டியதை அன்றன்றே உரித்துவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் பட்டை கட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.

இலையையும் நுனியையும் கழித்தபின், வளைந்த சிறு கத்தியால் மேல்தோலைச் சுரண்டி எடுப்பர். பிறகு பித்தளைக் கோலினால் கிளையை அழுத்தித் தேய்ப்பர். இவ்வாறு தேய்ப்பதனால் உட்பட்டை கட்டையிலிருந்து தளர்கிறது. பித்தளையாயிருப்பதால் இரும்பின் கறை பற்றுவதில்லை. அதன்பின் இரண்டு பக்கமும் நெடுகக் கீறி, கத்தி முனையால் நெம்பிப் பட்டையை இரு பாதிகளாக எடுப்பர். உலர உலரப் பட்டை தானே உட்பக்கம் சுருளும். பெரிய துண்டினுள் சிறிய துண்டுகளை அடைத்து, நுனியோடு நுனி பொருத்தி, இலங்கை வழக்கப்படி 42 அங்குல நீளமுள்ள குழலாக அமைக்கின்றனர். முதல் சில நாள் நிழலில், கொடிகளைக் குறுக்கே கட்டிப் பரப்பி உலர்த்த வேண்டும். எடுத்த எடுப்பில் கடும் வெயிலில் போட்டால் பட்டை கோணிவிடும். வெளிறிய பழுப்பு நிறமும், சீரான சுருளும், கையால் ஒடித்தால் சடக்கென்று ஒடியும் தன்மையும் உயர்ந்த சரக்கின் அடையாளங்கள். இலங்கையில் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத குறுக்களவுள்ள மெல்லிய குழலை ஆல்பா என்று தரம் பிரித்து, மற்றெல்லாவற்றிலும் அதிக விலைக்கு விற்கின்றனர்.

உடைந்த துண்டுகளும் சுரண்டிய துணுக்குகளும் பட்டைத் தைலம் வடிக்கவும், பொடி செய்யவும் உதவும். கழித்த இலையையும் எறிந்துவிடலாகாது. வாலையில் வைத்து வடித்தால் இலைத் தைலம் கிடைக்கும். தனிக் குடியானவன் ஒருவனுக்கு வாலை வைப்பது கட்டாது. நாலைந்து ஊர்களின் இலையைச் சேர்த்து வடிக்கச் சங்கத்தினால்தான் கூடும். உரிக்கும் வேலையும் ஒரே நாளில் கற்கக்கூடியதன்று. வாலிபர்கள் சிலரைத் தேர்ந்த கையின் கீழ் ஒரு பருவம் முழுவதும் வேலை பழகவிடாமல் தோட்டம் மட்டும் வைப்பது பயனற்றது. நல்ல பட்டை தப்பான உரிப்பினால் பாதி விலைக்குப் போன உதாரணங்கள் ஏராளம்.

வைத்தியத்தில் அதன் ஸ்தானம்

சித்த வைத்தியத்தில் இலவங்கப்பட்டை வெப்பமுண்டாக்கி, அகட்டுவாய்வகற்றி, துவர்ப்பி, இசிவகற்றி என்று வகுக்கப்பட்டிருக்கிறது. அதாவது வயிற்றில் அனலை எழுப்பும், வாயுவைப் போக்கும், கழிச்சலைக் கட்டும், இழுத்துப் பிடிக்கும் நோவைத் தணிக்கும் என்பதாம். ஆயுர்வேதத்தில் ஏலம், இலவங்கப்பட்டை, இலவங்கப்பத்திரி ஆகிய மூன்றும் திரிஜாதம் எனப்படும்; நாககேசரம் சேர்ந்தால் சதுர்ஜாதம். இருமலுக்கு வழங்கும் சிதோபலாதி சூர்ணத்தில் கற்கண்டு 16 பங்கு, மூங்கிலுப்பு 8, திப்பிலி 4, ஏலம் 2, பட்டை 1 என்று பங்குகள் பாதிபாதியாகக் குறைந்து வருவது கவனிக்கத்தக்கது. இச்சூர்ணம் முழுவதிலும் பட்டை 31-ல் ஒரு பங்குதான். பழைய வைத்தியர் பட்டையைப் பெரும்பாலும் துணைச் சரக்காகவே வைத்தனரேயன்றி, பிடி பிடியாகத் தின்னச் சொல்லவில்லை.

வீட்டு வைத்தியத்தில் வழங்கும் முறைகள் பல. உண்டது செரியாமல் வயிறு உப்பியிருந்தால், பட்டைத் துண்டு ஒன்றோடு சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டுக் கஷாயமிட்டு இளஞ்சூடாக அருந்துவர். சாதாரணக் கழிச்சலுக்குப் பட்டைப் பொடியோடு காசுக்கட்டியைச் சேர்த்துக் கொடுப்பதுண்டு. இரண்டும் துவர்ப்பாதலால் இதில் நியாயம் இருக்கிறது. குமட்டலுக்கும் வாய் நாற்றத்திற்கும் சிறு துண்டை வாயிலடக்கி மெல்லுவர். பிரசவித்த ஸ்திரீகளுக்குக் கொடுக்கும் லேகியங்களிலும், பற்பொடிகளிலும் பட்டை சேர்கிறது. தலைநோவுக்கு நீர்விட்டு இழைத்து நெற்றியில் பற்றிடுவதும் உண்டு. பட்டைத் தைலம் பூஞ்சைகளையும் சில கிருமிகளையும் அழிப்பதை ஆராய்ச்சிசாலைச் சோதனைகள் காட்டியிருப்பதால், பற்பொடியில் அதைச் சேர்த்த முன்னோர் வழக்கம் வீணன்று.

இவற்றோடு பழைய நூல்கள் விஷங்களையும் இதனால் தீருவனவற்றுள் ஒன்றாகச் சொல்லும். இதை நம்பிப் பாம்புக்கடிக்குப் பட்டையை அரைத்துக் கொடுத்துக்கொண்டு காலந்தாழ்த்துவது உயிருக்கே ஆபத்து. விஷமுறிவு ஊசி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு செல்வதொன்றே வழி. குழந்தைகளின் வயிற்றுப்போக்கிலும் முதலில் வேண்டியது உப்புச் சர்க்கரைக் கரைசலேயன்றிக் கட்டும் மருந்தன்று. பட்டைத் தைலத்தைச் சுத்தமாக எடுத்துத் தோலிலோ ஈறிலோ தடவினால் வெந்து புண்ணாகும். உலர்ந்த பொடியை விளையாட்டாகக் கரண்டியோடு வாயிலிட்டுக்கொள்ளும் சிறுவருக்கு அது சுவாசப்பையில் இறங்கி உபத்திரவம் தரும். கர்ப்பிணிகள் சமையலளவுக்கு மேல் மருந்தாக உட்கொள்வது தகாது.

தடித்த பட்டையின் தீங்கு

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டை சீனா, இந்தோனேஷியா, வியட்நாம் ஆகிய தேசங்களில் வளரும் வேறு மரங்களின் பட்டை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் அவற்றில் கூமரின் என்னும் பொருள் மிகுதி. கூமரின் அதிகமானால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படுகிறது. மெய்யான இலவங்கப்பட்டையில் அது மிகச் சொற்பமே. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபையார், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேற்படாமல் ஒருவர் தினமும் கூமரின் உட்கொள்ளலாம் என்று வரையறுத்திருக்கின்றனர். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 6 மில்லிகிராம். ஜெர்மனியில் 2006-ல் நடந்த பரிசோதனைகளை ஒட்டி, தடித்த பட்டையின் ஒரு கிராம் பொடியில் சராசரி 3 மில்லிகிராம் கூமரின் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டனர். அப்படியானால் இரண்டு கிராம் பொடியிலேயே ஒரு நாளைய எல்லை தீர்ந்துபோகிறது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரை கிராமே எல்லை.

இந்திய ஆயுர்வேத மருந்து நூலில் பட்டைச் சூர்ணத்திற்கு 1 முதல் 3 கிராம் வரை அளவு சொல்லப்பட்டிருக்கிறது. அவ்வளவு மெல்லிய மெய்ப்பட்டையைக் கருதியது. அதே அளவை நம்பி ஒருவர் தடித்த பட்டைப் பொடியை நாள்தோறும் 3 கிராம் உண்டால் 9 மில்லிகிராம் கூமரின் சேரும். அது எல்லைக்கு ஒன்றரை மடங்கு. மருந்தின் பெயர் மாறவில்லை, அளவு மாறவில்லை, சரக்கு மட்டும் மாறிவிட்டது. எப்பொழுதாவது சமையலில் சேர்த்து உண்பவருக்குப் பயமில்லை. மாதக்கணக்கில் தினமும் குடிப்பவரும், ஏற்கெனவே ஈரல் நோயுள்ளவரும், மதுபானப் பழக்கமுள்ளவரும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவருமே ஜாக்கிரதையாயிருக்க வேண்டியவர்.

சர்க்கரை வியாதிக்குப் பட்டை என்ற பேச்சு பரவியதற்கு ஒரு காரணம் 2003-ல் வெளியான பாகிஸ்தான் ஆராய்ச்சி. 60 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 1, 3, 6 கிராம் வீதம் 40 நாள் பட்டை கொடுத்து, இரத்தச் சர்க்கரை குறைந்ததாக அதில் தெரிவித்தனர். அதில் கொடுக்கப்பட்டது தடித்த பட்டையே என்பதைப் பலர் அறியார். பின்னர் பல தேசங்களில் நடந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அவற்றுள் பத்தை ஒருசேர ஆராய்ந்த காக்ரேன் குழுவினர், பட்டையைச் சர்க்கரை வியாதிக்கு மருந்தாகச் சிபாரிசு செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று 2012-ல் முடிவு கூறினர். ஆகையால் டாக்டர் கொடுத்த மாத்திரையையோ இன்ஸுலின் ஊசியையோ நிறுத்திவிட்டுப் பட்டை நீரை நம்புவது பெரும் தவறு. மாத்திரையோடு சேர்த்துப் பட்டையும் உட்கொள்வோர் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சங்கங்கள் கொள்முதல் செய்யும் விதம்

2011-ம் வருஷத்து இந்திய உணவுத் தர விதிகளில் தால்சினி என்றும், தாஜ் என்றும் இரண்டு பட்டைகளுக்கும் தனித்தனி இலக்கணம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஒன்றை மற்றொன்றின் பெயரால் விற்பது முறையன்று. ஆதலால் சங்கப் பண்டகசாலைக்குச் சரக்கு வாங்கும்போது பட்டியலில் எது என்று எழுதுவித்தே வாங்க வேண்டும். முழுப்பட்டையாக இருந்தால் கண்ணே காட்டிவிடும்: மெல்லிய பல சுற்றுக்கள், வெளிறிய நிறம், எளிதில் ஒடிதல், மெல்லும்போது இனிப்பு முந்துதல் ஆகியவை மெய்ப்பட்டையின் குணங்கள். ஒரே தடித்த சுற்று, இரு ஓரமும் உள்நோக்கி மடிதல், ஒடிக்கக் கத்தி வேண்டியிருத்தல், காரம் முந்துதல் ஆகியவை மற்றதின் குணங்கள்.

பொடியாகிவிட்டால் அனுபவசாலியும் ஏமாறுவான். முன்னாளில் மருந்துக் கடைக்காரர் பொடியைக் கொதிநீரில் இட்டு ஆறவைத்து, வடிகட்டிய நீரில் ஒரு துளி அயோடின் விட்டுப் பார்ப்பர். தடித்த பட்டையில் மாவுப் பொருள் மிகுதியாதலால் நீர் கருநீலமாகும். மெய்ப்பட்டையில் அவ்வளவு நிறம் ஏறாது. கலப்படம் சிறிதளவாயிருந்தால் இச்சோதனையும் தெளிவாகக் காட்டாது. பொடியாக வாங்காமல் சுருளாகவே வாங்கி, அங்கத்தினர் கண்ணெதிரில் இடித்து, சிறு சிறு பொட்டலமாகக் கட்டி, இடித்த தேதியை மேலே எழுதி விற்பதே உத்தமம். மூடியிறுக்கிய தகர டப்பாவில் ஈரம் படாமல் வைத்தால் சுருள் ஒரு வருஷத்திற்கு மேலும் வாசனை குன்றாதிருக்கும். இடித்த பொடியின் மணம் சீக்கிரத்தில் போய்விடுவதால் மாதத்திற்கு வேண்டிய அளவே இடிக்க வேண்டும்.